விடிய விடிய மிதி

இரவு முழுக்க ஒரே வட்டத்தைச் சுற்றி வருவது எப்படி என்று திருவண்ணாமலைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பௌர்ணமிதோறும் லட்சக்கணக்கானோர் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கிறார்கள். பெரும்பாலோர் ஒரு சுற்றோடு நிறுத்திக்கொள்வார்கள். அந்த 14 கிலோமீட்டர் சாலையைக் கல்லும் மணலும் ஏற்ற இறக்கமுமான மண்தடமாக நினைத்துக்கொள்ளுங்கள். நடைக்குப் பதில் சைக்கிள். மாலை 6 மணிக்குத் தொடங்கிக் காலை 6 மணிவரை, மாற்று ஆள் இல்லாமல், எத்தனை சுற்று முடியுமோ அத்தனை. வெளிநாடுகளில் முப்பது ஆண்டுகளாக நடந்துவரும் தனிநபர் இரவு மவுண்டன் பைக் போட்டியின் அடிப்படை இவ்வளவுதான். 12 மணி நேரப் போட்டி உண்டு. 24 மணி நேரப் போட்டியும் உண்டு.

இதில் ஜெயிக்கப் பெரிய தொடைகள் வேண்டும் என்று நினைப்போம். ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு சுற்றுக்கு 56 நிமிடம் ஓட்டம், 4 நிமிடம் நிறுத்தம் என்றால் 12 மணி நேரத்தில் 12 சுற்று, 168 கிலோமீட்டர். அதே வேகத்தில் ஓட்டுகிற இன்னொருவர் ஒவ்வொரு சுற்றுக்கும் 11 நிமிடம் நிற்கிறார். அவர் 67 நிமிடத்துக்கு ஒரு சுற்று. 12 மணி நேரத்தில் 10 சுற்றுதான் முழுமையாகத் தேறும். தண்ணீர் பிடிக்க, சட்டை மாற்ற, கொஞ்சம் பேச என்று போன ஏழு ஏழு நிமிடங்கள் இரண்டு சுற்றைத் தின்றுவிட்டன. தனியாக ஓட்டும் கலையில் பாதி, நிற்காமல் இருக்கும் ஏற்பாட்டில்தான் இருக்கிறது.

இந்த சைக்கிளுக்குப் பெரிய பரம்பரை கிடையாது. 1970களில் கலிஃபோர்னியாவின் டாமல்பைஸ் மலைப் பகுதியில் சில இளைஞர்கள், தடித்த டயர் போட்ட பழைய சைக்கிள்களை மேலே தள்ளிக்கொண்டு போய் மண்பாதையில் தலைதெறிக்க இறங்கினார்கள். 1976இல் அதையே போட்டியாக்கினார்கள். ஒருமுறை இறங்கினாலே பின்சக்கரப் பிரேக்கின் கிரீஸ் கொதித்து ஆவியாகிவிடும். மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும் என்பதாலேயே அந்தப் பாதைக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஜோ பிரீஸ் 1977இல் இதற்கென்றே தனிச் சட்டகம் செய்தார். கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் கடை போட்டார்கள். 1996 அட்லாண்டாவில் இந்த விளையாட்டு ஒலிம்பிக்குக்கே போய்விட்டது.

இரவுப் போட்டி 1992இல் அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், கேனன் என்ற இடத்தில் தொடங்கியது. அது 24 மணி நேரம், நான்கு பேர் கொண்ட அணிகளுக்கு. ஒருவர் ஓட்ட மற்ற மூவரும் தூங்கலாம். தனி ஆளுக்கு அங்கே பிரிவே இல்லை. ஜான் ஸ்டாம்ஸ்டாட் என்ற வீரர் தன் பெயரையே நான்கு விதமாக எழுதி, நான்கு பேர் அணி என்று பதிவு செய்து, தானே முழுவதையும் ஓட்டிவிட்டார். விளையாட்டு வரலாற்றில் எனக்கு மிகவும் பிடித்த ஏமாற்று வேலை இது. பிறகு தனிநபர் பிரிவு வந்தது, உலகப் பட்டமும் வந்தது. ஆஸ்திரேலியாவின் ஜேசன் இங்கிலிஷ் அந்தப் பட்டத்தை ஏழு முறை வென்றார்.

இனி வண்டி. சாதாரண சைக்கிளுக்கும் இதற்கும் முதல் வித்தியாசம் டயரில். இரண்டேகால் அங்குல அகலம், காற்றோ 20 முதல் 25 பிஎஸ்ஐதான். கார் டயரைவிடக் குறைவு. கல்லின்மேல் ஏறும்போது டயர் துள்ளாமல் அமுங்கிக்கொடுக்கும். பலரும் உள்ளே ட்யூப் போடுவதில்லை. லேடெக்ஸ் கலந்த திரவத்தை ஊற்றிவிடுவார்கள். முள் ஏறினால் காற்றோடு அந்தத் திரவமும் வெளியே வந்து, துளையிலேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். சீமைக்கருவேலம் வேலியாக நிற்கிற நம் ஊருக்கு இதைவிடப் பொருத்தமான கண்டுபிடிப்பு இல்லை. ஆனால் நம் வெயிலில் திரவம் சீக்கிரம் காய்ந்துவிடும். போட்டிக்கு முந்தின வாரம் திறந்து பார்க்காதவர், நடுராத்திரியில் தரையில் உட்கார்ந்து ட்யூப் மாட்டிக்கொண்டிருப்பார்.

கியர் அடுத்தது. முன்னால் 32 பல், பின்னால் மிகப் பெரிய பற்சக்கரத்தில் 51 பல் என்று வையுங்கள். 29 அங்குலச் சக்கரத்தின் சுற்றளவு ஏறத்தாழ 2.3 மீட்டர். அப்படியானால் பெடலை ஒரு முழுச்சுற்று மிதித்தால் வண்டி 1.4 மீட்டர்தான் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தாலும் மணிக்கு ஐந்து கிலோமீட்டர், நடை வேகம். எதற்கு இவ்வளவு இலகுவான கியர் என்று பகலில் தோன்றும். விடியற்காலை நாலு மணி ஏற்றத்தில் தோன்றாது. முன்ஃபோர்க்கில் காற்றும் எண்ணெயும் அடைத்த சஸ்பென்ஷன் இருக்கும். அது சொகுசுக்காக என்பதைவிட உள்ளங்கைக்காக. மணிக்கணக்கில் அதிர்ந்தால் கையின் அல்நார் நரம்பு நசுங்கி, சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரத்துப்போகும். பிறகு சட்டைப் பொத்தான் போடக்கூட முடியாது.

வண்டிக்குக் கொடுக்கும் காசில் கால்பங்கையாவது விளக்குக்குக் கொடுங்கள் என்பேன். இரவு ஓட்டத்தில் இரண்டு விளக்கு வேண்டும்: ஒன்று ஹேண்டில்பாரில், இன்னொன்று ஹெல்மெட்டில். ஒன்று கெட்டால் மற்றொன்று என்பது சின்னக் காரணம்தான். தலையில் இருக்கும் விளக்கு கண்ணுக்கு நேர்மேலே இருக்கிறது. அதன் ஒளியும் நம் பார்வையும் ஏறக்குறைய ஒரே கோட்டில் போவதால், கல்லின் நிழல் கல்லுக்குப் பின்னாலேயே ஒளிந்துகொள்கிறது. குழியும் மேடும் ஒரே தட்டையாகத் தெரிகின்றன. ஹேண்டில்பார் விளக்கு தாழ்வாக இருந்து அடிப்பதால் நிழல் நீளமாக விழும். நிழலைப் பார்த்துத்தான் மூளை ஆழத்தைக் கணிக்கிறது. ஆனால் அந்த விளக்கு வண்டி திரும்பிய பிறகுதான் திரும்பும். வளைவுக்குள் என்ன இருக்கிறது என்று முன்கூட்டியே எட்டிப்பார்க்கத் தலை விளக்கு வேண்டும்.

வெளிச்சம் எவ்வளவு தூரம் எட்ட வேண்டும்? மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏழு மீட்டர். ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி, உதிரி மண்ணில் வண்டி நிற்க இன்னும் ஆறு மீட்டர். ஆக 13 மீட்டர் போய்விடும். தூக்கக் கலக்கத்தில் அந்த ஒரு நொடி இரண்டாகும், 20 மீட்டர். விளக்கு 1000 லூமன் கொடுக்க ஏறத்தாழ 10 வாட் தின்னும். பத்து மணி நேரத்துக்கு 100 வாட்-மணி, அதாவது பெரிய பேட்டரி. அனுபவசாலிகள் ஏற்றத்தில் விளக்கைத் தணித்து, இறக்கத்துக்கு மிச்சம் பிடிக்கிறார்கள்.

கண்ணும் தன் பங்குக்கு ஒத்துழைக்க வேண்டும். இருட்டுக்குக் கண் முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும். எதிரே ஒரு லாரி ஹைபீம் போட்டு வந்தால் அது ஒரே நொடியில் காலி. வேலூர் சாலையிலோ திண்டிவனம் சாலையிலோ இரவில் ஓட்டியவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். அந்த நேரத்தில் வெளிச்சத்தைப் பார்க்காமல் இடப்பக்க வெள்ளைக்கோட்டைப் பார்ப்பது பழைய உபாயம். நல்ல இருட்டு வேண்டுமானால் ஜவ்வாது மலைக்குப் போகலாம். நாட்டின் முக்கியமான வானாய்வகங்களில் ஒன்றை, 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கியோடு, அங்கே காவலூரில் வைத்திருப்பதற்கு அந்த இருட்டும் ஒரு காரணம்.

சாப்பாட்டுக்கு வருவோம். தசையிலும் கல்லீரலிலும் சேமித்த கிளைக்கோஜன் ஏறத்தாழ 2000 கலோரி. மணிக்கு ஐந்நூறு கலோரி எரித்தால் 12 மணி நேரத்துக்கு 6000. இட்லியாகச் சாப்பிட்டால் நூற்றுக்கு மேல் ஆகும். உடம்புக் கொழுப்பு ஏராளம்தான், ஆனால் அது மெதுவாகத்தான் எரியும். குடலுக்கும் ஒரு எல்லை உண்டு: குளுக்கோஸ் மட்டும் கொடுத்தால் மணிக்கு 60 கிராம்தான் உள்ளே போகும். ஃப்ரக்டோஸுக்குக் குடல் சுவரில் வேறு வாசல் இருப்பதால், இரண்டையும் கலந்து கொடுத்தால் 90 கிராம்வரை போகும். விலை உயர்ந்த ஜெல் பாக்கெட்டுகளின் ரகசியம் இதுதான். சாதாரணச் சர்க்கரை பாதி குளுக்கோஸ், பாதி ஃப்ரக்டோஸ். வாழைப்பழத்தில் இரண்டும் உண்டு. கடலைமிட்டாயும் வேலை செய்யும்; வேர்க்கடலையின் கொழுப்பு செரிக்க நேரமாவதால் மெதுவாக ஓட்டும் சுற்றில் சாப்பிடுவது நல்லது. நடுராத்திரிக்கு மேல் இனிப்பைப் பார்த்தாலே குமட்டும். அப்போது தயிர்சாதமும் உப்பு போட்ட மோரும் கைகொடுக்கும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், வியர்வையில் போகிற சோடியம் குறைவு. ஆகவே அதை மட்டும் நம்ப முடியாது. வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தால் இரத்தத்தில் சோடியம் இறங்கி மயக்கம்வரை கொண்டுபோகும்.

நம் ஊரில் இரவு ஓட்டத்துக்கு ஒரு பெரிய நியாயம் இருக்கிறது: வெப்பம். தசைக்குப் போகும் ஆற்றலில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மூன்று பங்கு சூடாகிறது. பெடலில் 150 வாட் என்றால் உடம்புக்குள் 450 வாட் அடுப்பு எரிகிறது. கோடை வெயிலில் அந்தச் சூட்டை வெளியேற்றவே இதயம் தன் உழைப்பில் ஒரு பங்கைச் செலவழிக்கும். இரவில் அந்த உழைப்பு காலுக்குத் திரும்புகிறது.

அப்படியானால் இரவு சுலபமா? நள்ளிரவு வரை சுலபம். உண்மையான போட்டி மூன்று மணிக்கும் ஐந்து மணிக்கும் நடுவில்தான். உடம்பின் உள்வெப்பம் அப்போதுதான் மிகக் கீழே இறங்குகிறது. மெலடோனின் உச்சத்தில் இருக்கிறது. பகலெல்லாம் மூளையில் சேர்ந்த அடினோசின் கண்ணை இழுக்கிறது. டீயிலும் காபியிலும் உள்ள கஃபீன் அந்த அடினோசினின் இருக்கையில் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவே. தூக்கக் கடன் தீர்வதில்லை. குடித்த கஃபீனில் பாதி ஏறத்தாழ ஐந்து மணி நேரத்தில் வெளியேறிவிடும் என்பதால், மாலையில் குடித்த டீ மூன்று மணிக்கு அதிகம் உதவாது. முன்னிரவில் தவிர்த்து, இரண்டு மணிக்குக் குடித்து, முடியாவிட்டால் உடனே இருபது நிமிடம் படுப்பது நல்ல உத்தி. கஃபீன் வேலையைத் தொடங்கும் நேரத்துக்கு விழிப்பு வந்துவிடும்.

தூக்கத்தோடு மல்லுக்கட்டினால் என்ன ஆகும் என்பதற்கு மைக்கேல் ஷெர்மர் சாட்சி. அமெரிக்காவைக் குறுக்கே கடக்கும் ‘ரேஸ் அக்ராஸ் அமெரிக்கா’ போட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவர். 1983இல் மூன்று நாளுக்கு மேல் தூங்காமல் நெப்ராஸ்காவில் ஓட்டிக்கொண்டிருந்தபோது, தனக்குத் துணையாக வந்த வாகனத்தை விண்கலம் என்றும், அதிலிருந்து இறங்கிய சொந்தக் குழுவினரை மனித உருவில் வந்த வேற்றுக்கிரகவாசிகள் என்றும் உறுதியாக நம்பினார். ஒன்றரை மணி நேரம் தூங்கி எழுந்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. பிற்காலத்தில் அவர் அமானுஷ்யக் கதைகளைத் தோலுரிக்கும் ‘ஸ்கெப்டிக்’ பத்திரிகையை நிறுவினார். கழுத்துத் தசைகள் ஓய்ந்து தலை நிமிர மறுக்கும் கோளாறுக்கும் அவர் பெயர்தான்: ‘ஷெர்மர் கழுத்து’. ஏறத்தாழ 4800 கிலோமீட்டர் நீளும் அந்தப் போட்டியை 2017இல் இரண்டு இந்தியர்கள் தனியாக, 12 நாள் கெடுவுக்குள் முடித்தார்கள்: ராணுவ மருத்துவர் ஸ்ரீநிவாஸ் கோகுல்நாத், நாக்பூர் மருத்துவர் அமித் சமர்த். இருவரும் மருத்துவர்கள் என்பது எனக்குத் தற்செயலாகப் படவில்லை. இந்த விளையாட்டில் முதலில் பழுதாவது வண்டி இல்லை, உடம்பு.

இரவில் தனியாக ஓட்டிப் பார்க்க ஆசைப்படும் தமிழ்நாட்டுக்காரருக்குப் பக்கத்து வாசல் ‘பிரெவே’ எனப்படும் நெடுந்தூர சைக்கிள் பயணம். பிரான்சில் பிறந்த முறை. சென்னை, கோவைக் குழுக்களும் நடத்துகின்றன. யார் முதல் என்ற கணக்கில்லை, கெடு மட்டும் உண்டு: 200 கிலோமீட்டருக்கு பதின்மூன்றரை மணி நேரம், 300க்கு 20, 400க்கு 27, 600க்கு 40. 300க்கு மேல் போனால் இருட்டு தப்பாது. ஒளிரும் மேற்சட்டையும் முன்பின் விளக்கும் கட்டாயம். சென்னையிலிருந்து திண்டிவனம், செஞ்சி வழியாகத் திருவண்ணாமலை ஏறத்தாழ 200 கிலோமீட்டர். பெங்களூரிலிருந்து கிருஷ்ணகிரி, செங்கம் வழியாகவும் கிட்டத்தட்ட அதே தூரம்.

இந்தச் சாலைகளின் ஆபத்துகள் எந்த வெளிநாட்டுக் கையேட்டிலும் இருக்காது. பின்விளக்கு இல்லாமல் ஆலைக்குப் போகும் கரும்பு டிராக்டர். அறுவடைக் காலத்தில் சாலையில் பாதியை அடைத்துக் காயும் நெல்லும், அதன் ஓரத்தில் வரிசையாக வைத்த கற்களும். வெள்ளை பூசாத வேகத்தடை. கிராமத்துக்கு ஒன்றாகத் துரத்தும் நாய்க்கூட்டம். துரத்தினால் வேகம் எடுக்காமல் இறங்கி, சைக்கிளை நடுவில் வைத்து நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். மண்தடம் வேண்டும் என்று அண்ணாமலையின் மேலே வண்டியைத் திருப்பாதீர்கள், அது காப்புக்காடு. ஜவ்வாது மலைக் காட்டுத் தடங்களுக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். கிரிவலப் பாதை பௌர்ணமியிலும் கார்த்திகை தீபத்தன்றும் நடப்பவர்களுக்கே உரியது. அந்த நாட்களில் சைக்கிளை அறையில் பூட்டிவிட்டு நடந்துவிடுங்கள். மழை ஓய்ந்து வெயில் ஏறாத ஜனவரி, பிப்ரவரி நல்ல மாதங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். விடிய விடிய ஓட்டி முடித்ததும், பதக்கத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு காரையோ பைக்கையோ எடுத்து ஊருக்குக் கிளம்பாதீர்கள். திருவண்ணாமலையில் விடுதிகளுக்குப் பஞ்சமில்லை, தூங்கிவிட்டுப் போங்கள். 24 மணி நேரம் விழித்திருந்தவரின் கவனமும் கைவேகமும், 100 மில்லி இரத்தத்தில் 100 மில்லிகிராம் மது ஏறியவரின் அளவுக்கு மங்கிவிடுவதாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. வண்டி ஓட்ட நம் சட்டம் அனுமதிக்கும் அளவு 30 மில்லிகிராம்.