பேருக்குக் காசா, இரும்புக்குக் காசா? நல்ல அருவா வாங்கும் வழி

இயற்கை வழிக்கு மாறுகிறவர்கள் நாட்டு மாடு, பஞ்சகவ்யா, பலதானிய விதைப்பு என்று எல்லாவற்றுக்கும் திட்டம் போடுகிறார்கள். அருவாளுக்கும் களைக்கொத்துக்கும் யாரும் திட்டம் போடுவதில்லை. சந்தையில் கண்ணில் பட்டதை வாங்கி வந்துவிடுகிறோம்.

களைக்கொல்லி அடிக்கிற தோட்டத்தில் மொக்கை அருவா கிடந்தால் பெரிய நஷ்டம் இல்லை. நம்ம தோட்டத்தில் அப்படி முடியாது. களை எடுக்க, மூடாக்குக்குத் தழை வெட்ட, வேலியில் அகத்தியும் கிளைரிசிடியாவும் கழிக்க, வாழையில் காய்ந்த இலை அறுக்க, திராட்சையில் கவாத்து செய்ய, எல்லாமே கைவேலை. அருவா வெட்டவில்லை என்றால் ஒரு நாள் வேலை ஒன்றரை நாளாக இழுக்கும். வேலைக்கு வருகிற அக்காமார் "உங்க தோட்டத்துல கை வலி தாங்கலண்ணே" என்று அடுத்த முறை வேறு பக்கம் போய்விடுவார்கள். அந்த நேரம் பார்த்துத்தான் "ஒரு டேங்க் மருந்து அடிச்சா முடிஞ்சு போச்சு" என்று யாராவது வந்து நிற்பார்கள். நான் பார்த்தவரை, பூச்சியால் இயற்கை வழியை விட்டவர்களைவிட களையால் விட்டவர்கள்தான் அதிகம். ஆகவே அருவா சின்ன விஷயம் இல்லை.

பேர் பெற்ற ஊரும் பேர் தெரியாத பட்டறையும்

அருவா என்றதும் எல்லோரும் சொல்வது திருப்பாச்சேத்தி. மதுரையில் இருந்து மானாமதுரை போகும் வழியில், சிவகங்கை மாவட்டத்தில் இருக்கிற ஊர். அந்த ஊர்க் கொல்லர்களின் கைத்திறனில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஊர்ப் பேர் பெரிதாகிவிட்டால், வேறு எங்கோ அடித்ததும் அதே பேரில் விற்பனைக்கு வரும். தேனியிலோ கம்பத்திலோ கடையில் தொங்குகிற ஒன்றைக் காட்டி "திருப்பாச்சேத்தி சரக்கு சார்" என்றால், அதை நம்புவதற்கு நமக்கு அந்த வார்த்தையைத் தவிர ஆதாரம் கிடையாது. கூடக் கொடுக்கிற காசு பேருக்குப் போகிறதா, இரும்புக்குப் போகிறதா என்பதுதான் கேள்வி.

வெளிநாட்டிலும் இதே கதைதான். கத்தி என்றால் ஜெர்மனியின் சோலிங்கன் என்று உலகமே சொல்லும். அந்தப் பேரை மற்றவர்கள் போட்டுக்கொள்ளக்கூடாது என்று 1938-லேயே அங்கே சட்டம் போட்டார்கள். ஸ்பெயினில் டொலேடோ வாளுக்குப் பேர் போன ஊர். ஆனால் அந்த நாட்டின் அன்றாடக் கத்தித் தொழிலுக்கு மையம் அல்பாசெத்தே என்கிற இன்னொரு ஊர். பல தலைமுறையாகக் கத்தி செய்கிறார்கள், கத்திக்கென்றே அருங்காட்சியகமும் வைத்திருக்கிறார்கள். நம்ம பக்கம் அந்தப் பேரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. பேர் வாங்காத ஊரிலும் நல்ல கத்தி உண்டு, அதற்கு பேருக்கான கூடுதல் விலை இருக்காது. சரக்கைப் பார்க்கத் தெரிந்தவனுக்கு அது லாபம்.

நம்ம பள்ளத்தாக்கிலும் அந்த மாதிரி பட்டறைகள் இருக்கின்றன. பலகை கூட மாட்டாமல், ஒரு துருத்தியும் சம்மட்டியுமாக வேலை செய்கிற கொல்லர்கள். வடமாநிலத்தில் இருந்து குடும்பத்தோடு வந்து ரோட்டோரம் உலை போட்டு அடித்துக் கொடுப்பவர்களும் உண்டு. அவர்களிடம் நல்லதும் கிடைக்கும், சுமாரானதும் கிடைக்கும். பிரித்துப் பார்க்க நமக்குத் தெரிய வேண்டும்.

இரும்பு எது, பதம் எது?

அருவாளின் தரம் இரண்டு விஷயத்தில் நிற்கிறது. ஒன்று இரும்பு, இன்னொன்று பதம்.

இரும்பில் கலந்திருக்கிற கரி, அதாவது கார்பன்தான், அதைக் கூர் தாங்கும் எஃகு ஆக்குகிறது. வீடு கட்டுகிற கம்பியில் கார்பன் நூற்றுக்கு 0.3 பங்குக்குள்தான் இருக்கும். அதை எவ்வளவு அடித்தாலும் கூர் நிற்காது. லாரி, பஸ்களின் ஸ்பிரிங் பட்டையில் 0.5 முதல் 0.6 பங்கு வரை இருக்கும். நம்ம கொல்லர்கள் பழைய ஸ்பிரிங் பட்டையைத் தேடுவது இதற்காகத்தான். அரத்தில் இன்னும் அதிகம். அதனால் பழைய அரத்தில் செய்த சிறு கத்தி நல்ல கூர் தாங்கும், ஆனால் கீழே போட்டால் உடையும்.

நல்ல எஃகு இருந்தும் பதம் தப்பினால் வீண். உலையில் இரும்பு செக்கச்செவேல் என்று சிவந்து, காந்தம் ஒட்டாத நிலைக்கு, சுமார் 770 டிகிரிக்கு மேல் வர வேண்டும். அப்போது தண்ணியிலோ எண்ணெயிலோ முக்கினால் இறுகும். அப்படியே விட்டால் கண்ணாடி மாதிரி. கல்லில் பட்டால் வாய் தெறிக்கும். அதனால் மறுபடியும் 200 முதல் 300 டிகிரி வரை இளஞ்சூடு காட்ட வேண்டும். சூடு ஏற ஏற, தேய்த்த இரும்பின் மேல் முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, ஊதா, கடைசியில் நீலம் ஓடும். வைக்கோல் நிறத்தில் நிறுத்தினால் கூர் நிற்கும். நீலம் வரை விட்டால் வளைந்து கொடுக்கும், ஆனால் கூர் சீக்கிரம் மழுங்கும். அருவாளுக்கு இரண்டுக்கும் நடுவில் வேண்டும்.

அனுபவப்பட்ட கொல்லர் இதை ஒரே சூட்டில் முடிப்பார். வாயை மட்டும் தண்ணியில் முக்கி எடுத்து, கல்லில் ஒரு தேய்ப்பு தேய்த்து, நிறத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். முதுகில் மிச்சமிருக்கிற சூடு வாய்க்கு ஏறி வரும். சரியான நிறம் வந்ததும் மறுபடியும் ஒரு முக்கு. வாய் கடினம், முதுகு மெது. வெப்பமானி கிடையாது, கண்தான். இந்தக் கண் நேற்று வந்தது இல்லை. கொடுமணல் அகழாய்வில் பழந்தமிழர் இரும்பு உருக்கிய உலைகளின் தடயம் கிடைத்திருக்கிறது. இந்திய உருக்கை வரவழைத்து, இங்கிலாந்தில் மைக்கேல் ஃபாரடே 1820 வாக்கில் ஆராய்ச்சி செய்திருக்கிறார்.

வாங்கும்போது ஐந்து சோதனை

1. சத்தம். பிடியை இரண்டு விரலில் தளர்வாகத் தொங்கவிட்டு, முதுகில் ஒரு இரும்பால் தட்டுங்கள். "கிண்" என்று இழுத்தால் நல்லது. "தொப்" என்று அடங்கினால் பிடி ஆடுகிறது, அல்லது உள்ளே விரிசல் இருக்கிறது.

2. பொறி. பட்டறையில் சாணைச் சக்கரம் இருந்தால் முதுகை லேசாகத் தொடவைக்கச் சொல்லுங்கள். கார்பன் உள்ள எஃகில் பொறி மத்தாப்பு மாதிரி கிளை கிளையாக வெடிக்கும். வெறும் இரும்பில் நீளக் கோடாக ஓடும், வெடிப்பு குறைவு.

3. அரம். வாயில் அரத்தைத் தேயுங்கள். வழுக்கிக்கொண்டே ஓடினால் கடினம் அதிகம், தெறிக்கும். தோட்டத்தில் நம்மால் தீட்டவும் முடியாது. வெண்ணெய் மாதிரி கடித்தால் பதம் இல்லை. கொஞ்சம் முரண்டு பிடித்துக் கடித்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. பித்தளைக் கம்பி. தீட்டிய வாயை ஒரு பித்தளைக் கம்பி மேல் சாய்த்து அழுத்துங்கள். வாய் லேசாக நெளிந்து பழையபடி திரும்ப வேண்டும். நெளிந்தபடியே நின்றால் மெது. பொக்கை விழுந்தால் கடினம் மிஞ்சியது.

5. காம்பு. பிடிக்குள் போகிற காம்பு எவ்வளவு நீளம் என்று கேளுங்கள். பிடியின் கடைசி வரை போய் மடக்கி அடித்திருந்தால் நல்லது. பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். கட்டை கருவேலமோ புளியோ ஆனால் விரிசல் குறைவு.

இந்தச் சோதனையைக் கேட்டதும் நல்ல கொல்லர் கோபப்பட மாட்டார். "பாருங்க சார், நல்லாப் பாருங்க" என்று அவரே எடுத்துக் கொடுப்பார். அதையே ஆறாவது சோதனையாக வைத்துக்கொள்ளலாம்.

வேலைக்கு ஒரு கருவி

ஒரே அருவாளில் எல்லா வேலையும் செய்வது நம்ம பழக்கம். அது அருவாளுக்கும் கேடு, பயிருக்கும் கேடு.

நெல்லுக்கும் புல்லுக்கும் பல் வைத்த கதிர் அரிவாள் போதும். அறுத்து இழுக்கும், கைக்குப் பலம் குறைவாகத் தேவை. ஆனால் பல் தேய்ந்தால் நாமே தீட்டுவது கஷ்டம். விலை குறைவானதையே வாங்கலாம். ஒன்று கவனியுங்கள்: இந்த அரிவாளுக்கு ஒரு பக்கம்தான் கூர் வைத்திருப்பார்கள், வலது கைக்காரருக்காக. இடது கைப் பழக்கம் உள்ளவருக்கு மறுபக்கம் கூர் வைத்துத் தனியாக அடித்துத் தரச் சொல்லுங்கள். கடையில் அது கிடைக்காது, பட்டறையில் கிடைக்கும்.

திராட்சைக்குக் கவாத்துக் கத்திரிதான் சரி. நம்ம பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வருஷத்தில் ஒரு தடவைக்கு மேல் கவாத்து பார்க்கிற கொடி அது. மழுங்கின கத்திரி கொடியை வெட்டாது, நசுக்கும். நசுங்கின முனை கீழே வரை காயும், பூஞ்சணம் நுழையவும் அதுதான் வாசல். கத்திரியில் ஸ்விட்சர்லாந்தின் ஃபெல்கோ பெரிய பேர், 1945-ல் தொடங்கியது. அதன் பெருமையே அலகு, ஸ்பிரிங், திருகு என்று ஒவ்வொரு பாகமும் தனியாகக் கிடைப்பதுதான். அந்த விலை எல்லோருக்கும் கட்டாது. நம்ம நாட்டுத் தயாரிப்பு வாங்கும்போது கடைக்காரரிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: "அலகும் ஸ்பிரிங்கும் தனியாத் தருவீங்களா?" தருவேன் என்பவரிடம் வாங்குங்கள்.

வாழைக்கு மெல்லிய வாய் உள்ள கத்தி தனியாக வேண்டும். ஒரு மரத்தின் சாறும் வேர் மண்ணும் அடுத்த மரத்துக்கு நோயைக் கொண்டு போகும். வாடல் நோய் இருக்கிற தோட்டம் என்றால், மண்ணை நன்றாகக் கழுவிவிட்டு, ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் துடைத்து அடுத்த மரத்துக்குப் போங்கள். சிலர் தீயில் காட்டுகிறார்கள். வாய் நீலமானால் பதம் போச்சு. தீ வேண்டாம்.

காசுக் கணக்கு

வங்கியில் இருந்த பழக்கம், எதையும் வருஷக் கணக்கில்தான் பார்ப்பேன். உதாரணத்துக்கு 200 ரூபாய் அருவா ஒரு வருஷம் வருகிறது, 600 ரூபாய் அருவா ஆறு வருஷம் வருகிறது என்று வையுங்கள். வருஷத்துக்கு 200-ம் 100-ம். விலை கூடினது பாதிச் செலவில் முடிகிறது.

அதைவிடப் பெரிய கணக்கு கூலியில் இருக்கிறது. மொக்கை அருவாளைத் தீட்டித் தீட்டி ஒரு ஆளுக்கு நாளைக்கு அரை மணி நேரம் போகிறது என்று வையுங்கள். ஐந்து பேருக்கு இரண்டரை மணி. வருஷத்தில் 40 நாள் வெட்டு வேலை என்றால் 100 மணி நேரம். எட்டு மணி வேலைக்கு அது பன்னிரண்டரை ஆள் கூலி. கூலி 400 என்றாலும் 5,000 ரூபாய். ஐந்து பேருக்கும் 600 ரூபாய் அருவா வாங்கினாலே 3,000-தான் ஆகிறது. உங்கள் தோட்டத்துக் கூலியையும் நாளையும் போட்டுப் பாருங்கள்.

வைத்துக் காப்பாற்றுவது

மோட்டார் சாணையில் தண்ணி தொடாமல் ஒரே இழுப்பாகப் பிடித்தால் வாய் நீலமாகும். கொல்லர் பார்த்துப் பார்த்து ஏற்றின பதம் அரை நிமிஷத்தில் இறங்கிவிடும். சாணைக்காரரிடம் அடிக்கடி தண்ணியில் முக்கச் சொல்லுங்கள். தோட்டத்தில் அரமும் சாணைக்கல்லும் போதும். வெட்டுகிற அருவாளுக்கு வாய் கொஞ்சம் தடிப்பாக, அறுக்கிற அரிவாளுக்கு மெல்லிசாகத் தீட்ட வேண்டும். சாயங்காலம் கழுவி, துடைத்து, விளக்கெண்ணெய் ஒரு கை தடவி மாட்டி வையுங்கள். மண்ணில் குத்தி நிறுத்துவதை நிறுத்தினாலே பாதி ஆயுள் கூடும்.

எடுத்து வரும்போது சாக்கில் சுற்றிக் கட்டி, அடையாள அட்டையோடு வாங்கப் போங்கள். 2021 செப்டம்பரில் இருந்து அருவா வாங்குகிறவரின் பேர், முகவரி, எதற்கு வாங்குகிறார் என்பதைப் பதிந்து வைக்கச் சொல்லித் தமிழ்நாடு காவல்துறை பட்டறைகளுக்கு அறிவுறுத்தியது. கொல்லர் கேட்டால் முகம் சுளிக்காமல் எழுதிக் கொடுங்கள். அவர் பிழைப்பும் அதில் இருக்கிறது.

சேர்ந்து வாங்குவோம்

பட்டறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. கரி விலை ஏறுகிறது, பிள்ளைகள் உலை முன்னால் உட்காரத் தயாராக இல்லை. தகட்டில் வெட்டி எடுத்த மலிவு அருவா கடை வாசலில் தொங்கும்போது, அடித்துச் செய்தவர் அதே விலைக்குத் தர முடியாது. விதையை நாம் காப்பாற்றுவது போல இந்தக் கையையும் காப்பாற்ற வேண்டும். அது தர்மம் செய்வதால் நடக்காது, வேலை கொடுத்தால் நடக்கும்.

பத்து விவசாயிகள் சேருங்கள். ஜூனில் முதல்போகத்துக்குத் தண்ணி திறந்தபின் எல்லோரும் ஒரே நேரத்தில் பட்டறைக்கு ஓடுவோம், அப்போது அவசரத்தில் அடித்ததுதான் கிடைக்கும். அதற்கு முன்பே, வேலை குறைவான மாதத்தில், பாதிப் பணம் முன்னால் கொடுத்து முப்பது நாற்பது அருவா, களைக்கொத்து சொல்லிவிடுங்கள். ஸ்பிரிங் பட்டையை நாமே பழைய இரும்புக் கடையில் பார்த்து வாங்கிக் கொடுத்தால் இரும்பைப் பற்றிய சந்தேகமும் தீர்ந்தது. களை எடுப்பவர்களில் பெண்கள்தான் அதிகம். அவர்களையும் பட்டறைக்குக் கூட்டிப் போங்கள். பிடியின் தடிமன், நீளம், அருவாளின் எடை எல்லாம் அவர்கள் கை சொல்லட்டும். முதலில் இரண்டு அருவா மட்டும் அடித்து வாங்கி ஒரு மாதம் வெட்டிப் பாருங்கள். சரியாக இருந்தால் மீதியைச் சொல்லுங்கள். நன்றாக இருந்தால் அந்தக் கொல்லரின் பேரை அடுத்த கூட்டத்தில் நாலு பேருக்குச் சொல்லுங்கள். பேர் தெரியாத பட்டறைக்கு நாம் செய்கிற விளம்பரம் அதுதான்.