சிறு காருக்கு எந்தச் சக்கரம்?

பெரிய சக்கரம் பூட்டிய சிறு காருக்குக் கம்பீரம் கூடுவது மெய்யே. ஆயினும் நித்தியப் பிரயாணத்திற்கு அது அனுகூலமா என்பதை டயரின் பக்கத்தில் பொறித்துள்ள எண்களைக் கொண்டே ஆராயலாம்.

165/80 ஆர்14 என்பதில், 165 மில்லிமீட்டர் டயரின் அகலம்; பக்கச்சுவரின் உயரம் அவ்வகலத்தில் நூற்றுக்கு எண்பது பங்கு, அதாவது 132 மில்லிமீட்டர்; 14 என்பது உலோகச் சக்கரத்தின் விட்டம், அங்குலக் கணக்கில். 185/65 ஆர்15 என்ற டயருக்கோ பக்கச்சுவர் 120 மில்லிமீட்டரே. எனினும் இரண்டின் மொத்த விட்டமும் ஏறக்குறைய 620 மில்லிமீட்டர்தான். ஏன் இந்த ஒற்றுமை? சக்கரம் சுழலும் விகிதத்தைக் கொண்டே வேகமானி கணக்கிடுவதால், விட்டம் மிகுந்தால் அது உண்மை வேகத்தைக் குறைத்துக் காட்டிவிடும்.

அகன்ற டயர் உலர்ந்த சாலையின் வளைவுகளில் உறுதி தரும். ஆனால் குழியின் அதிர்ச்சியை முதலில் ஏற்கும் பக்கச்சுவர் குட்டையானால், அந்த அடி உலோக விளிம்பையும் முதுகெலும்பையும் எளிதில் எட்டிவிடுகிறது. தேங்கிய மழைநீரின்மேல் வேகமாகச் செல்கையில், அகன்ற டயர் நீரை விலக்க இயலாமல் மிதக்கவும் ஏதுவுண்டு. சக்கரத்தின் பாரம் கூடினால், நின்று நின்று புறப்படும் நகரப் போக்குவரத்தில் எரிபொருளும் விரயமாகும்.

ஆகவே, மேடுபள்ளமான வீதிகளில் அன்றாடம் ஓட்டுவோர், உற்பத்தியாளர் அனுமதித்த அளவுகளுள் சிறிய சக்கரத்தையும் உயர்ந்த பக்கச்சுவரையும் தேர்ந்து, குறிப்பிட்ட காற்றழுத்தத்தைத் தவறாமல் காத்துவருவதே விவேகம்.