சங்கதி கம்பியின் முனையில்

போர்ட் பிளேரிலிருந்து படகேறினால், கடல் சமர்த்தாக இருக்கும் நாளில் இரண்டு மணி நேரத்தில் ஹேவ்லாக். 2018 டிசம்பர் 30 முதல் அரசுக் காகிதங்களில் இதன் பெயர் ஸ்வராஜ் த்வீப். படகுத்துறையில் ஆள் கூப்பிடுகிறவர்கள் இன்னும் ஹேவ்லாக் என்றுதான் கூவுகிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காளிக் குடும்பங்கள் பாக்கும் தென்னையும் வைத்து உருவாக்கிய தீவு இது. இப்போது தோப்புக்குத் தோப்பு ரிசார்ட். அங்கே இருக்கும் ஆம்ப், ஸ்பீக்கர், டைவிங் படகுகளின் ஒயரிங், எல்லாம்தான் என் பிழைப்பு. அப்பா ராமநாதபுரத்துக்காரர், நான் போர்ட் பிளேரில் பிறந்தவன்.

ஆடியோ வேலை என்று தெரிந்ததும் சென்னை, கோவையிலிருந்து வரும் விருந்தாளிகளில் சிலர் குரலைத் தாழ்த்தி ஒரு கேள்வி கேட்பார்கள். விலை உயர்ந்த கேபிள் போட்டால் பாட்டு உண்மையிலேயே நன்றாகக் கேட்குமா? மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கேபிள்கள் இருக்கின்றன. வெள்ளிக் கம்பி, ஆக்சிஜன் நீக்கிய செம்பு, பட்டுநூல் உறை என்று ஆளுக்கொரு வேதம் ஓதுவார்கள்.

ஐந்தாம் நம்பர் கடற்கரைப் பக்கம் வாடகை வீடு பிடித்து, குளிர்காலம் முழுக்கத் தங்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் கேள்வியெல்லாம் கேட்கவில்லை. முடிவையே சொன்னார். “புது கேபிள் மாத்துனேன் தம்பி, பாட்டே வேற மாதிரி ஆயிருச்சுங்க. சயின்ஸ் எல்லாம் பேச வேண்டாங்க, உக்காந்து கேளுங்க.” உட்கார்ந்து கேட்டேன். இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’. 1986இல் வந்த அந்த இசைத்தொகுப்பு அவரிடம் எப்போதும் இருக்கும். வயலின்கள் தனித்தனியாக நின்றன, கீழே பாஸ் இறுக்கமாக வந்தது. போன வருடம் இதே அறையில் இதே ஸ்பீக்கரில் நான் கேட்டது இவ்வளவு தெளிவாக இல்லை. அவர் சொன்னது நிஜம்தான். புது கேபிளின் விலை ஒரு பழைய ஸ்கூட்டர் விலை.

கழற்றிப் போட்ட பழைய ஒயர் மூலையில் சுருண்டு கிடந்தது. ஒன்றரை சதுர எம்எம் சாதாரண செம்பு ஒயர், பத்து மீட்டர். எடுத்து முனையைப் பார்த்தேன். பச்சை. உறையைக் கொஞ்சம் உரித்தால் உள்ளேயும் பச்சை. ஈரமும் உப்பும் செம்புக்குள் இறங்கிப் பூத்த களிம்பு. செம்பில் களிம்பு கூடவே பிறந்தது என்பார்கள் சைவ சித்தாந்தக்காரர்கள். ஹேவ்லாக்கில் அது காற்றில் வருகிறது. வருடத்துக்கு இரண்டு பருவமழையும் பெய்யும் தீவில், அலை விழும் இடத்திலிருந்து நூறடியில் வீடு இருந்தால் செம்பு என்னதான் செய்யும்?

அந்தப் பழைய ஒயரை அப்படியே மறுபடி மாட்டினேன். 50 ஹெர்ட்ஸ் ஒலி ஒன்றை ஓடவிட்டு, மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து இரண்டு முனையிலும் அளந்தேன். இது எவரும் செய்யக்கூடிய சோதனை. ஆம்ப் பக்கம் 4 வோல்ட். ஸ்பீக்கர் பக்கம் 2.9. வழியிலேயே ஒரு வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. 8 ஓம் ஸ்பீக்கர் என்று வைத்துக் கணக்குப் போட்டால், வழியில் ஏறக்குறைய 3 ஓம் தடை நிற்கிறது. பத்து மீட்டர் செம்பு, போக வர இருபது மீட்டர், அதற்கு இருக்க வேண்டிய தடை 0.23 ஓம்தான். மிச்சம் முழுவதும் களிம்பு. ஒயரின் இரண்டு முனையையும் பச்சை தீரும்வரை வெட்டி, செம்பு செம்பாகத் தெரிந்ததும் புதிதாக உரித்து மாட்டினேன். ஸ்பீக்கர் பக்கம் 3.9 வோல்ட். பாஸ் திரும்பி வந்தது, வயலின்களும் வந்தன.

3 ஓம் தடை ஒலியை வெறுமனே குறைப்பதோடு நின்றால் வால்யூமைக் கூட்டிச் சமாளிக்கலாம். ஸ்பீக்கருக்கு ஒரே ஓம் கிடையாது என்பதுதான் தொல்லை. பெட்டியில் 8 என்று எழுதியிருந்தாலும், ஒரு சுருதியில் 5 ஆக இருக்கும், இன்னொன்றில் 25ஐத் தாண்டும். வழியில் தடை இருந்தால் ஓம் குறைந்த சுருதிகள் அதிகம் அடிபடும், கூடிய சுருதிகள் தப்பிக்கும். பாட்டின் நிறமே மாறிவிடும். பாஸ் கூம்பை ஆம்ப் இழுத்துப் பிடிக்கும் பிடியும் தளரும். களிம்பு ஏறிய இணைப்பு சில நேரம் மின்சாரத்தை ஒரு திசையில் விட்டு மறு திசையில் தடுக்கவும் செய்யும், அப்போது கரகரப்பு. ஆக, அவர் காதில் கேட்டது பிரமை இல்லை. காரணம்தான் வேறு.

அடுத்தது, வெட்டிச் சரிசெய்த பழைய ஒயரா, ஸ்கூட்டர் விலைக் கேபிளா என்ற வழக்கு. வீட்டு அம்மா ஆம்ப்புக்குப் பின்னால் நின்று, எதை மாட்டினேன் என்று சொல்லாமல் மாற்றி மாற்றி மாட்டினார். கோயம்புத்தூர்க்காரர் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். சரியாகச் சொன்னதும் தவறாகச் சொன்னதும் கிட்டத்தட்டச் சமம். “இன்னொரு தடவைங்க” என்று அவர் கேட்டுக்கொண்டே இருந்தார், அம்மாவுக்குத்தான் முதலில் அலுத்தது. ஒரு வீட்டு வரவேற்பறையில் நடந்ததை ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆராய்ச்சிகளும் இதையேதான் சொல்கின்றன.

இந்த வியாபாரம் பெரிதானது அமெரிக்காவில். நோயல் லீ என்ற பொறியாளர் 1970களின் கடைசியில் மான்ஸ்டர் கேபிள் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அதுவரை ஸ்பீக்கர் ஒயரைத் தனிப் பண்டமாக யாரும் பெரிதாக நினைத்ததில்லை. மேசை விளக்குக்குப் போடும் ஒயரையே ஸ்பீக்கருக்கும் போட்டார்கள். 1983 ஆகஸ்டில் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ பத்திரிகை மூன்று ஒயர்களை எடுத்தது: ரொம்ப மெல்லியது ஒன்று, விளக்கு ஒயர் ஒன்று, மான்ஸ்டர் ஒன்று, ஒவ்வொன்றும் முப்பது அடி. எது ஓடுகிறது என்று கேட்பவர்களுக்குச் சொல்லவில்லை. மெல்லிய ஒயரை, இரைச்சல் ஒலி போட்டபோது, பிரித்துச் சொல்லிவிட்டார்கள். பாட்டு போட்டு, விளக்கு ஒயரையும் மான்ஸ்டரையும் ஒப்பிடச் சொன்னபோது திணறினார்கள். 2007இல் மாயவித்தைக்காரர் ஜேம்ஸ் ராண்டி, பன்னிரண்டு அடிக்கு 7,250 டாலர் விலை போட்ட ஒரு கேபிளைக் கண்ணால் பார்க்காமல் காதால் அடையாளம் கண்டால் பத்து லட்சம் டாலர் தருகிறேன் என்றார். ஆடியோ விமர்சகர் மைக்கேல் ஃப்ரெமர் சரி என்று முன்வந்தார். கேபிள் நிறுவனம் கேபிளைத் தராமல் விலகிக்கொண்டது. போட்டி நடக்கவில்லை.

வெள்ளியைப் பற்றிக் கேட்பார்கள். வெள்ளி செம்பைவிட மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், சந்தேகமே இல்லை, எவ்வளவு என்றால் ஆறேழு சதவீதம். அந்த ஆறேழு சதவீதத்தைச் செம்பில் பெற வேண்டுமென்றால் கம்பியை ஒரு மயிரிழை தடியாக வாங்கினால் போதும். தங்கம் செம்பைவிட மட்டமான கடத்தி. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை. பிளக்கில் தங்க முலாம் பூசுவது அது களிம்பு ஏறாமல் கிடக்கும் என்பதற்காக, அந்த ஒரு காரணத்துக்காக ஹேவ்லாக்கில் நான் தங்க முலாமுக்குக் காசு கொடுப்பேன். மதுரையில் கொடுக்க மாட்டேன்.

தடிமன் மட்டும் நிஜமான விஷயம். மெக்கின்டாஷ் நிறுவனத்தில் ஸ்பீக்கர் வடிவமைத்த ரோஜர் ரஸ்ஸல், ஒயரின் மொத்தத் தடை ஸ்பீக்கர் ஓமில் 5 சதவீதத்துக்குள் நின்றால் போதும் என்று கணக்கு வைத்திருந்தார். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 0.4 ஓம். பத்து மீட்டர் தூரத்துக்கு அரை எம்எம் ஒயர் போட்டால் 0.7 ஓம் வரும், தாண்டிவிடுகிறது. ஒன்றரை எம்எம் தப்பிக்கும். இரண்டரை எம்எம் போட்டால் 0.14, அதன் பிறகு கவலைப்பட ஒன்றுமில்லை.

இன்னொன்றையும் யோசித்துப் பார்க்கலாம். ‘ஹவ் டு நேம் இட்’டின் அந்த வயலின்கள் ஸ்டுடியோவில் வாசிக்கப்பட்டபோது மைக்கிலிருந்து அடுத்த அறை மிக்ஸர்வரை போன கேபிள், எந்த ஸ்டுடியோவிலும் தரையில் மிதிபடும் சாதாரண மைக் கேபிள்தான். அதில் வரும் மின்னழுத்தம் ஸ்பீக்கர் ஒயரில் ஓடுவதில் மிகச் சிறிய பங்குதான். அவ்வளவு மெல்லிய சமாச்சாரம் அதில் பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருக்கிறது. கடைசி மூன்று மீட்டரில் வெள்ளி எதை மீட்டுத் தரப் போகிறது?

டிஜிட்டல் கேபிளுக்கு என் பொறுமை இன்னும் குறைவு. 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னைக்கும் அந்தமானுக்கும் இடையே கடலடிக் கேபிள் திறந்தார்கள், தீவுகளையும் சேர்த்து சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழை. அதில் ஒரு கிளை ஹேவ்லாக்குக்கு வருகிறது. அதற்கு முன் சாட்டிலைட் இணைப்பு, ஒரு பாட்டு இறங்குவதற்குள் சோறு வெந்துவிடும், பென்டிரைவில் கைக்குக் கை மாறியதுதான் எங்கள் இசை. இப்போது வங்கக் கடலின் அடிமட்டத்தைக் கடந்து வரும் பாட்டில் ஒரு எண்ணும் பிசகுவதில்லை, பிசகினால் மறுபடி கேட்டு வாங்கிக்கொள்ளும். இவ்வளவு தூரம் வந்தது, கடைசி ஒரு மீட்டர் யூஎஸ்பி ஒயரில் ‘இனிமை’ கூடும் என்று சொல்லி விற்கிறார்கள்.

பவர் கேபிள் இன்னும் வேடிக்கை. இங்கே மின்சாரம் முக்கியமாகத் தீவின் டீசல் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. மின்சாரம் போய்விட்டால் ரிசார்ட்டின் சொந்த ஜெனரேட்டர், அதுவும் டீசல்தான். அந்தக் கம்பம், அந்த மரக்கிளை, அந்தத் துருப்பிடித்த ஃபியூஸ் எல்லாவற்றையும் தாண்டி வந்த மின்சாரத்தைச் சுவருக்கும் ஆம்ப்புக்கும் நடுவில் ஒரு தடித்த கயிறு சுத்தப்படுத்தும் என்றால், அதை ஜெனரேட்டர் கொட்டகையிலேயே மாட்டிவிடலாமே. அந்தப் பணத்துக்கு நல்ல ஸ்டெபிலைசர் வாங்குங்கள், ஆம்ப் உயிரோடு இருக்கும்.

ஹேவ்லாக்கில் நான் என்ன போடுகிறேன் என்றால், படகுக்குப் போடும் ஒயர். செம்புக் கம்பியின் ஒவ்வொரு இழைக்கும் வெள்ளீயம் பூசியிருக்கும், களிம்பு சுலபத்தில் ஏறாது. டைவிங் படகு வேலையில் மிஞ்சும் துண்டுகளே பல ஸ்பீக்கர்களுக்குப் போதும். கடையில் வாங்குவதாக இருந்தால் கத்தியால் இழையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கலாம். செம்பைப்போல ஒன்றரை மடங்குக்கு மேல் தடை அதற்கு, கடற்கரையில் ஒரு மழைக்காலம் போனால் பொடியாக உதிரும். வெள்ளீயம் பூசியதும் சுரண்டினால் முதலில் வெள்ளையாகத்தான் தெரியும், ஆனால் இன்னும் சுரண்டினால் செம்பு வரும். ரீலைக் கையில் தூக்கிப் பார்த்தாலும் அலுமினியம் எடையில் காட்டிக்கொடுத்துவிடும்.

முனைகளில் லக் வைத்து இறுக்கி, மேலே சுருங்கும் ட்யூபைப் போட்டுச் சூடு காட்டி, அதன் மேல் கொஞ்சம் வாசலின். மழை ஓய்ந்ததும் ஒருமுறை கழற்றி, பச்சை தெரிந்தால் அந்த அரை அங்குலத்தை வெட்டிவிட்டு மறுபடி உரித்து மாட்ட வேண்டும். ஒவ்வொரு ஸ்பீக்கருக்குப் பின்னாலும் இரண்டு அடி ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டு வருவது அதற்காகத்தான்.