வானின்கீழ் உள்ள அனைத்தும்: ‘யிங்ஷியோங்’ என்னும் சீனத் திரைப்படமும் ஷியா மரபும்

சீனக் கதை இலக்கியத்தில் ‘வூ-ஷியா’ எனப் பெயர் பெற்ற வகை ஒன்று உண்டு. ‘வூ’ என்பது படைக்கலத் திறனைக் குறிக்கும். ‘ஷியா’ என்பதை ஒரு சொல்லால் பெயர்த்தல் அரிது. கொடுத்த வாக்கினை உயிரினும் மேலாகப் போற்றுபவன், தன்னை மதித்தவர்க்காகத் தன் உயிரை ஈபவன், அரசாணை தடுப்பினும் தான் அறமெனக் கண்டதைச் செய்து முடிப்பவன் ஆகிய பொருள்கள் யாவும் அச்சொல்லுள் அடங்கும். இறுதியிற் கூறிய பண்பே அரசுகட்கு அச்சம் தந்தது. கி.மு. 233-இல் இறந்த ஹான் ஃபெய் என்னும் சட்டநெறிச் சிந்தனையாளர், நாட்டை அரிக்கும் புழுக்கள் ஐவகை என வகுத்து, வாளேந்தித் தடைகளை மீறும் இத்தகையோரையும் அவற்றுள் ஒன்றாக வைத்தார். ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழிந்தபின் வரலாறு எழுதிய சீமா சியென், இவர்கட்கெனத் தம் பெருநூலில் தனி இயல் ஒன்று அமைத்தார். அரசரைக் கொல்லத் துணிந்தவர்கட்கென வேறோர் இயலும் அமைத்தார். அரசியல் நூலார் புழுவெனக் கண்டவரை வரலாற்று நூலார் மாந்தராகக் கண்டனர். இவ்விரு நோக்குகளின் பிணக்கினை மனத்திற் கொண்டாலன்றி, 2002-ஆம் ஆண்டு சாங் யிமோ இயக்கி வெளிவந்த ‘யிங்ஷியோங்’ (வீரன் என்பது பொருள்) என்னும் திரைப்படத்தின் கவர்ச்சியும் அது எழுப்பிய சினமும் விளங்கா.

படத்தின் வேர் சீமா சியென் கூறும் ஜிங் கே வரலாற்றில் உள்ளது. சின் நாட்டு அரசன் அண்டை நாடுகளை ஒவ்வொன்றாக விழுங்கி வந்த காலம் அது. யென் நாட்டு இளவரசன் தான், ஜிங் கே என்பவனைத் தூதன் வடிவில் அனுப்பினான். அரசன் நம்புதற்பொருட்டு இரு பொருள்கள் அவனிடம் தரப்பட்டன. ஒன்று, சின் நாட்டினின்று தப்பியோடிய படைத்தலைவன் ஒருவனின் தலை; அதனை அவனே மனமுவந்து தந்தான். மற்றொன்று, யென் நாட்டு நிலப்பகுதி ஒன்றின் வரைபடச் சுருள். சுருளை விரித்து முடிக்கும் இடத்தில் நஞ்சு தோய்ந்த குத்துவாள் இருந்தது. கி.மு. 227-இல் அவ்வாள் வெளிப்பட்டது. ஆனால் அரசனின் கைப்பகுதித் துணியே ஜிங் கேயின் பிடியிற் கிழிந்தது. அரசன் தூணைச் சுற்றி ஓடினான். அவனுடைய வாள் மிக நீண்டதாகலின் உறையினின்று உருவ இயலவில்லை. அவையினுள் எவரும் படைக்கலம் ஏந்துதல் கூடாது என்பது சின் நாட்டுச் சட்டம்; ஆதலின் அவையோர் வெறுங்கையராய் நின்றனர். அரண்மனை மருத்துவர் ஒருவர் தம் மருந்துப் பையை எறிந்தார். வாளை முதுகுப்புறம் தள்ளுமாறு பிறர் கூவினர். அரசன் அவ்வாறே செய்து வாளை உருவி, ஜிங் கேயை வீழ்த்தினான். சட்டநெறியால் உலகை ஆள முனைந்தவன் தன் சட்டத்தாலேயே காவலற்று ஓடிய இக்காட்சியில் அமைந்த அங்கதம் எண்ணி எண்ணிச் சுவைத்தற்குரியது. தோற்றவனையே சீமா சியெனின் எழுத்து உயர்த்திப் பிடிக்கிறது என்பதில் ஐயமில்லை.

இவ்வரலாற்றை சென் கைகே போன்ற இயக்குநர் முன்னரே படமாக்கியுள்ளனர். சாங் யிமோவோ வரலாற்றை நேரே எடுத்தாளாமல், அதன் எலும்புக்கூட்டை மட்டும் கொண்டார். இப்படத்திலும் கொலை நோக்குடையவன் பரிசிலொடு அரசன் முன் வருகிறான். அவனுக்குப் பெயர் இல்லை. பெயரிலி என்றே கொள்வோம். சிற்றூர் ஒன்றின் அலுவலனாகிய அவன், அரசனுக்குப் பகைவராகிய நெடுவானம், முறிவாள், பறக்கும்பனி என்னும் மூவரையும் வென்றதாகக் கூறி அவர்தம் படைக்கலங்களைக் கொணர்கிறான். எவரும் அரசனை நூறு அடிக்குள் அணுகலாகாது என்பது கட்டளை. நெடுவானத்தின் ஈட்டிக்காக இருபது அடி வரையும், ஏனை இருவரின் வாள்களுக்காகப் பத்து அடி வரையும் பெயரிலி அணுக இசைவு பெறுகிறான். பத்து அடிக்குள் தப்பாது கொல்லும் பயிற்சி உடையவன் அவன். இவ்வாறு கதை கூறுதலே அணுகுதலாக ஆகிவிடுகிறது. சொல்லப்படும் ஒவ்வொரு கதையும் கொலைவாளை அரசன் மார்புக்கு அண்மையிற் கொண்டுவருகிறது. கதையமைப்பிலேயே அச்சத்தைப் பொதிந்து வைத்த இவ்வுத்தி, வானில் பறந்து பொருதும் காட்சிகள் அனைத்தினும் திறன் மிக்கது என்பது என் கருத்து.

பெயரிலி கூறும் முதற்கதை பொறாமையால் விளைந்தது. அது சிவப்பு நிறத்தில் தோன்றுகிறது. அரசன் அதனை ஏற்கவில்லை. அவ்வீரர் இழிந்தோர் அல்லர் எனக் கூறித் தான் ஊகித்த வேறொரு கதையைச் சொல்கிறான். அது நீலம். பின்னர்ப் பெயரிலி உண்மையை உரைக்கிறான், அது வெண்மை. அதனுள் அடங்கிய பழைய நிகழ்ச்சி பசுமை. அரண்மனை மட்டும் யாண்டும் கருமை. சின் அரசு கருநிறத்தைத் தன் நிறமாகக் கொண்டது எனச் சீமா சியென் கூறுவதை இஃது ஒத்துள்ளது. ஒரே நிகழ்ச்சியைப் பலர் பலவாறு கூறும் அமைப்பு அகிரா குரோசாவாவின் ‘ராஷோமோன்’ (1950) படத்தை நினைவூட்டும். எனினும் வேறுபாடு பெரிது. குரோசாவாவின் படத்தில் உண்மை யாது என்பது முடிவு பெறுவதில்லை. இங்கோ பொய்கள் நீங்கி ஓர் உண்மை எஞ்சுகிறது. பல கூற்றுகளை ஒன்றாக்கி முடிக்கும் இவ்வமைப்பும், பல நாடுகளை ஒன்றாக்கி முடிக்கும் அரசனின் நோக்கமும் தம்முள் ஒத்திருத்தல் தற்செயல் அன்று.

கிறிஸ்டபர் டாயிலின் ஒளிப்பதிவு, எமி வாடாவின் உடையமைப்பு, தான் துன்னின் இசை, சிங் சியு-துங் அமைத்த போர்க்காட்சிகள் ஆகியன பற்றிப் பலரும் எழுதியுள்ளமையின் ஈண்டு விரிக்கவில்லை.

தமிழறிஞர் கருத்தை ஈர்க்கத்தக்கது எழுத்துக்கலை பற்றிய பகுதியே. முறிவாள் வாள்வீரன் மட்டுமல்லன். எழுத்துக்கலை வல்லுநனும் ஆவான். ‘வாள்’ என்னும் பொருளுடைய எழுத்தைப் பத்தொன்பது வகையாக எழுதுவர் என்றும், இருபதாவது வகையில் தனக்கு எழுதித் தருமாறும் பெயரிலி அவனிடம் வேண்டுகிறான். சின் படையின் அம்புகள் மழையெனப் பள்ளியின்மீது பொழிகின்றன, மாணவர் வீழ்கின்றனர், முறிவாள் தூரிகையைக் கீழே வைப்பதில்லை. இச்செய்தியைக் கேட்ட அரசனோ, ஓரெழுத்துக்கு இத்துணை வடிவங்கள் எதற்கு, தான் நாடுகளை ஒன்றாக்கியபின் ஒன்றை மட்டும் நிறுத்தி ஏனையவற்றை ஒழிப்பதாகக் கூறுகிறான். வரலாற்றிலும் இது நிகழ்ந்தது. கி.மு. 221-இல் ஆறு நாடுகளும் வீழ்ந்தபின், அமைச்சர் லீ சு முன்னின்று எழுத்து வடிவங்களை ஒருமைப்படுத்தினார். அதனாற் பயன் விளைந்தது என்பதை மறுத்தற்கில்லை. பேச்சால் வேறுபட்ட மக்கள் எழுத்தால் ஒருவரையொருவர் அறிந்தனர். ஆயின் அழிந்த வடிவங்களின் பொருட்டு எவர் இரங்குவர்? படம் அவ்வினாவை அம்பு மழையில் எழுப்பிவிட்டு, விடை கூறாது மேற்செல்கிறது.

படத்தின் உயிர்நிலை ஒரு சொல்லில் உள்ளது. மூன்றாண்டுகளுக்கு முன்பே அரசனைக் கொல்லும் வாய்ப்பு முறிவாளுக்குக் கிட்டியது. வாள் கழுத்தைத் தீண்டியபின் அவன் கைவாங்கினான். காரணம் யாது எனக் கேட்ட பெயரிலிக்கு அவன் மணலில் ‘தியென்ஷியா’ என எழுதிக் காட்டுகிறான். ‘தியென்’ என்பது வானம். ‘ஷியா’ என்பது கீழ். (இந்த ‘ஷியா’ வேறு, வீரனைக் குறிக்கும் ‘ஷியா’ வேறு.) வானின்கீழ் உள்ள அனைத்தும் என்பது சொற்பொருள். 2004-இல் அமெரிக்காவில் வெளியிட்டபோது இதனை ‘நம் நாடு’ என்னும் பொருள்பட ஆங்கிலத்திற் பெயர்த்தனர். அப்பெயர்ப்பு சொல்லின் அகலத்தைக் குறைத்து, நாட்டுப்பற்றாக மாற்றிவிட்டது. தமிழில் வையம், ஞாலம் என்னும் சொற்கள் அகலத்தைத் தரும். ஆனால் சீனச் சொல்லில் உள்ளுறையாக நிற்கும் ‘ஓர் ஆட்சிக்கு உட்பட்டது’ என்னும் குறிப்பைத் தாரா. எல்லையற்ற உலகு என்றும், ஒருவன் ஆளும் நிலம் என்றும் இருபொருள் படும் இச்சொல்லின் மயக்கத்திலேயே படம் தன் முடிவை நிறுத்தியுள்ளது. போரை ஒழிக்கும் ஆற்றல் சின் அரசனுக்கே உண்டு என்பது முறிவாளின் துணிபு. பெயரிலி அதனை ஏற்று, வாளின் கைப்பிடியால் அரசனைத் தீண்டி விட்டு விலகுகிறான்.

இம்முடிவு கொடுங்கோன்மைக்கு வாழ்த்துக் கூறுவது எனப் பலர் சினந்தனர். வரலாறு அவர்தம் பக்கமே நிற்கிறது. படத்தின் வீரர்கள் சாவோ நாட்டினர். அந்நாட்டு வீரர் நான்கு லட்சத்திற்கு மேற்பட்டோர் கி.மு. 260-இல் சாங்பிங் போரின் முடிவில் சின் படையால் அழிந்தனர் எனச் சீமா சியென் எழுதுகிறார். தொகை மிகையாயினும் அந்நினைவின் கொடுமை மிகையன்று. அமைதி தரும் என்று முறிவாள் நம்பிய பேரரசும் முதல் மன்னன் கி.மு. 210-இல் இறந்தபின் சில ஆண்டுகளிலேயே சரிந்தது. இவற்றுள் எதனையும் கூறாத படம், பெருமதில் கட்டி மக்களைக் காத்தான் என்னும் குறிப்புடன் நிறைவெய்துகிறது. ஷியாவைப் புழு என்ற ஹான் ஃபெய் இப்படத்தைக் கண்டிருப்பின் மகிழ்ந்திருப்பார். புழுவே தன் வாளைத் தாழ்த்திவிட்டதன்றோ!

ஆயினும் இயக்குநரின் கண், அவர் கதையின் முடிவோடு முழுதும் உடன்படவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. விட்டுவிட்டவனை அரசன் விடுவதில்லை. அவையோர் ஒருகுரலாய்க் கொல்லுமாறு வேண்ட, அரசன் தயங்கி, பின் தன் சட்டத்துக்கு அடிபணிகிறான். ஜிங் கேயின் நாளில் அரசனைக் காவலற்றவனாக ஆக்கிய சட்டம் இங்கு அவனை இரக்கமற்றவனாக ஆக்குகிறது. அம்புகள் பறக்கின்றன. பின்னர்க் காட்டப்படும் கோட்டைக் கதவு முழுதும் அம்புகள் செறிந்துள்ளன. ஒரு மனிதன் நின்ற அளவுக்கு மட்டும் அம்பு தைக்காத வெற்றிடம் ஒன்று அதன் நடுவில் உள்ளது.