பல்லிக்குப் போன பிள்ளை

ஐந்து வருடங்களுக்கு முன் கோடை விடுமுறைக்கு மதுரை போயிருந்தோம். என் மகளுக்கு அப்போது ஏழு வயது. கூடத்தில் உறவினர் பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். "என்ன படிக்கிறே கண்ணு?" என்று அவளுடைய பெரியப்பா கேட்டார். "நான் பல்லிக்குப் போறேன் பெரியப்பா, ரெண்டாம் கிளாஸ்" என்றாள். "பல்லிக்கா? அது சுவத்துலல்ல இருக்கும்!" என்று அவர் சொல்ல, கூடமே சிரித்தது. நானும்தான் சிரித்தேன்.

அவளைப் புண்படுத்த வேண்டும் என்று யாரும் நினைக்கவில்லை. ஆனால் ஊரில் இருந்த மீதி நாட்களில் யார் என்ன கேட்டாலும் அவள் தலையை மட்டும் ஆட்டினாள். மும்பைக்குத் திரும்பிய பிறகு, நான் தமிழில் கேட்டால் இந்தியில் பதில் வரத் தொடங்கியது. ஒரு எழுத்தைத் திருத்தப் போய் ஒரு மொழியையே வாயடைத்து விட்டோமோ என்ற பயம் எனக்கு அன்று பிடித்தது.

அடுத்த வருடம் நம் சங்கத்தின் ஞாயிறு வகுப்பில் பாடம் சொல்லித் தர ஒப்புக்கொண்டேன். அங்கேயும் முதலில் நான் செய்தது அதே வேலைதான். பிள்ளை வாயைத் திறந்ததும் திருத்துவேன். நோட்டுப் புத்தகத்தைச் சிவப்பு மையால் நிரப்புவேன். பிழை குறையவில்லை. கையைத் தூக்கிப் பேச வரும் பிள்ளைகள்தான் குறைந்தார்கள். அதன் பிறகே, திருத்துவது பற்றி மற்றவர்கள் என்ன ஆராய்ந்திருக்கிறார்கள் என்று படிக்க ஆரம்பித்தேன். படித்ததையும், வகுப்பில் செய்து பார்த்ததையும் பிள்ளை வளர்க்கும் நம் குடும்பங்களுக்குச் சொல்ல நினைக்கிறேன்.

பிழைக்கும் காரணம் உண்டு

"நேத்து நான் கீழே விழுந்து அழினேன்" என்று ஒரு பையன் வகுப்பில் சொன்னான். கேட்டதும் சிரிப்பு வரும். கொஞ்சம் யோசித்தால் வியப்பு வரும். ஓடினேன், பாடினேன், ஆடினேன் என்று கேட்டுப் பழகியவன், யாரும் சொல்லித் தராமலே அதிலிருந்து ஒரு விதியைக் கண்டுபிடித்து, 'அழு' என்ற சொல்லுக்கும் பொருத்தியிருக்கிறான். 'அழினேன்' என்று நம் வீட்டில் யாரும் சொல்வதில்லை. ஆகவே அது காதில் கேட்ட தமிழ் அல்ல, அவனே ஆக்கிய தமிழ்.

எடின்பரோ பல்கலைக்கழகத்தின் மொழியியல் அறிஞர் பிட் கார்டர் 1967-ல் எழுதிய கட்டுரை ஒன்றில் இதைத்தான் வலியுறுத்தினார். கற்பவரின் பிழைகள், அவர் எதுவரை கற்றிருக்கிறார் என்பதை ஆசிரியருக்குக் காட்டுகின்றன என்றார். அதைப் படித்த பிறகு நான் பிழைகளை எண்ணுவதை விட்டு, அவற்றைத் தரம் பிரிக்க ஆரம்பித்தேன். இது நாக்குப் பழகாததால் வந்ததா, இந்தியிலிருந்து வந்ததா, அல்லது பிள்ளையே வகுத்த விதியா? காரணத்துக்கு ஏற்ப மருந்தும் மாறுகிறது.

சொன்னது காதில் விழுந்ததா?

வீட்டில் நாம் பெரும்பாலும் செய்வது இது. பிள்ளை "அழினேன்" என்கிறது. "அழுதியா? ஏன் அழுதே?" என்று நாம் சரியான சொல்லை வைத்துப் பேச்சைத் தொடர்கிறோம். அன்பான வழிதான். ஆனால் நாம் திருத்தினோம் என்பது பிள்ளைக்குத் தெரிகிறதா?

கனடாவின் மான்ட்ரியல் பகுதியில், பிரெஞ்சு மொழி வழியாகப் பாடம் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளை ராய் லிஸ்டர், லைலா ராண்டா என்ற இருவர் ஆராய்ந்து 1997-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான்: பிழையைச் சுட்டாமல் சரியான வடிவத்தைத் தாமே சொல்லிவிட்டுப் போவது. ஆனால் பெரும்பாலான தடவைகளில் பிள்ளைகள் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. ஆசிரியர் சொன்ன விஷயத்துக்கு அவர்கள் பதில் சொன்னார்கள். சொல்லின் வடிவம் காற்றோடு போயிற்று. அதற்கு மாறாக, ஆசிரியர் பாதி சொல்லி நிறுத்தி, மீதியைப் பிள்ளையே சொல்லக் காத்திருந்தபோது, பிள்ளைகள் தாமே திருத்திக்கொண்டது மிக அதிகம்.

இதை மறு ஞாயிறே செய்து பார்த்தேன். "நேத்து நீ விழுந்து அ..." என்று நிறுத்தினேன். பையன் கூரையைப் பார்த்தான். மூன்று விநாடி மௌனம். நமக்கு அந்த மூன்று விநாடி மிக நீளமாகத் தோன்றும். நாமே சொல்லிவிடத் துடிப்போம். பொறுத்துக்கொண்டேன். "அழு... அழுதேன்!" என்றான். அவனாகத் தேடி எடுத்த சொல் அது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: பிள்ளைக்கு அறவே தெரியாத சொல்லுக்கு இப்படிக் காத்திருப்பதில் பயனில்லை. எங்கோ கேட்டது, நாவில் வரவில்லை என்ற நிலையில்தான் இது பலிக்கும். சின்னஞ்சிறு பிள்ளைகளிடம் பழைய வழியே நல்லது. பேச்சு அறுபடாமல் இருப்பது அவர்களுக்கு முக்கியம்.

பிள்ளையையா, வேலையையா?

ஆவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு அறிஞர்கள், கருத்துச் சொல்வதால் ஒருவரின் திறன் கூடுகிறதா என்று ஆராய்ந்த நூற்றுக்கணக்கான ஒப்பீடுகளைத் தொகுத்து 1996-ல் வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பலன் இருந்தது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல், கருத்துச் சொன்ன பிறகு திறன் குறைந்திருந்தது! கவனம் செய்யும் வேலையை விட்டு 'நான் எப்படிப்பட்டவன்' என்ற பக்கம் திரும்பும்போது திருத்தம் வலுவிழக்கிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். மதுரைக் கூடத்தில் நடந்தது எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. என் மகளுடைய கவனம் 'ள' என்ற எழுத்துக்குப் போகவில்லை. சிரித்த முகங்களுக்குப் போயிற்று.

மதிப்பெண்ணும் இப்படித்தான். இஸ்ரேலில் ரூத் பட்லர் 1988-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பிரிவுக்கு விளக்கக் குறிப்பு மட்டும், ஒரு பிரிவுக்கு மதிப்பெண் மட்டும், இன்னொரு பிரிவுக்கு இரண்டும் தரப்பட்டன. முன்னேறியது குறிப்பு மட்டும் பெற்ற பிரிவு. மதிப்பெண்ணையும் சேர்த்துக் கொடுத்தபோது குறிப்பின் பலன் போய்விட்டது. நம் வகுப்பில் இப்போது கட்டுரைக்கு மதிப்பெண் இல்லை. பிழையுள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறேன். எந்தச் சொல் என்று கண்டுபிடிப்பது பிள்ளையின் வேலை. ஒரு வாரத்தில் ஒரே வகைப் பிழைக்கு மட்டும்தான் புள்ளி.

நா எங்கே தொடுகிறது?

பல்லி, பள்ளி விஷயத்துக்கு வருகிறேன். "சரியாச் சொல்லு" என்றால் பிள்ளை எதைச் சரி செய்யும்? தொல்காப்பியத்தின் பிறப்பியலைப் பாருங்கள். ஒவ்வொரு எழுத்துக்கும் நாவும் பல்லும் அண்ணமும் எப்படி இயங்குகின்றன, நா எங்கே தொடுகிறது, எங்கே வருடுகிறது என்று சொல்கிறது. திருத்தத்துக்கு வேண்டியது அந்த வகைச் செய்திதான்.

மும்பையில் நமக்கு இன்னொரு வசதியும் உண்டு. மராத்தியில் 'ள' இருக்கிறது. ஒரு நாள் மகளிடம், "பள்ளிக்கு மராத்தியில் என்ன?" என்று கேட்டேன். "ஷாளா" என்றாள், அட்சரசுத்தமாக. "அதே நாக்கு, அதே இடம். இப்ப தமிழ்ல சொல்லு" என்றேன். "பள்ளி" என்றாள். ஒரு வருடம் வராதது ஒரு நிமிடத்தில் வந்தது. 'ழ' மராத்தியில் இல்லை. "ள சொல்லப் போ, ஆனா மேல ஒட்டாம விட்டுடு" என்று சொல்லிக் கொடுக்கிறேன். அது மெதுவாகத்தான் வருகிறது. அவசரமில்லை.

இந்தக் கோடையிலும் நம்மில் பலர் ஊருக்குப் போவோம். போகுமுன் தாத்தா பாட்டியிடமும் மாமா சித்தியிடமும் தொலைபேசியில் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்: பிள்ளை தப்பாகச் சொன்னால் சிரிக்க வேண்டாம், பேசி முடிக்க விடுங்கள், பிறகு தனியாக ஒன்றே ஒன்றைக் கேளுங்கள், பதிலுக்குக் காத்திருங்கள். நான் இதைப் பெரியப்பாவிடம் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மகளைக் கூப்பிடச் சொல்லி, அவளோடு பத்து நிமிடம் பேசிக்கொண்டிருந்தார்.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. என்னோடு தமிழில்தான் பேசுகிறாள். போன வாரம் பஸ் நிறுத்தத்தில் நான் பக்கத்து வீட்டம்மாளிடம் இந்தியில் "காடி ஆயா" என்றேன். இத்தனை வருடம் ஆகியும் எனக்கு அந்த ஆண்பால் பெண்பால் பிடிபடவில்லை. அந்த அம்மாள் பஸ்ஸில் ஏறும்வரை மகள் பொறுத்திருந்தாள். பிறகு என் காதருகில் வந்து, "அம்மா, காடி ஆ...?" என்று சொல்லி நிறுத்தினாள். மூன்று விநாடி காத்திருந்தாள்.

"ஆயி" என்றேன்.