தற்கொலைத் தாக்குதலும் கிளர்ச்சி முறியடிப்பும்: ஈராக் போரை (2003–2008) முன்வைத்து ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

தற்கொலைத் தாக்குதலை விளக்கும் கோட்பாடுகள் பெரும்பாலும் தாக்குபவரின் மனநிலையையோ அவர் பிறந்த சமூகத்தின் சினத்தையோ மையப்படுத்துகின்றன. ஈராக்கில் தாக்கியவர்களுள் பலர் அந்நாட்டவர் அல்லர். எனவே, அவர்களுக்கு இடமளித்த உள்ளூர் உறவுகளே முதன்மையான ஆய்வுப் பொருளாக வேண்டும் என்பதை இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

திறவுச்சொற்கள்: தற்கொலைத் தாக்குதல், கிளர்ச்சி முறியடிப்பு, ஈராக், அன்பார், சிஞ்சார் ஆவணங்கள்.

முன்னுரை

படைவீரர்களைப் போர்முனைக்கு அனுப்பும் தளபதி, அவர்கள் மீளும் வழியையும் சேர்த்தே திட்டமிடுவார். தற்கொலைத் தாக்குதலில் அவ்வழி தேவைப்படுவதில்லை. தாக்குபவர் பிடிபட்டு இரகசியத்தை வெளியிடுவார் என்ற அச்சமும் குறைவு. இலக்கு இடம் மாறினால், கடைசி நொடியில் தாமே திசையை மாற்றிக்கொள்ளவும் அவரால் இயலும். தண்டனையைக் காட்டித் தடுக்கும் அரசின் வழக்கமான கருவி இங்குச் செயலிழந்துவிடுகிறது. 1983 அக்டோபர் 23 அன்று பெய்ரூட்டில் வெடிபொருள் நிரப்பிய இரு வாகனங்கள் 241 அமெரிக்கப் படையினரையும் 58 பிரெஞ்சுப் படையினரையும் கொன்றன. சில மாதங்களில் அமெரிக்கப் படை லெபனானை விட்டு வெளியேறியது.

இச்செயலுக்குப் பெயரிடுவதே ஒரு நிலைப்பாடாகிவிடுகிறது. அரசுகள் ‘தற்கொலை’ என்றதை விடுதலைப் புலிகள் ‘தற்கொடை’ என்றனர். ஈராக்கின் ஆயுதக் குழுக்கள் ‘இஸ்திஷ்ஹாத்’, அதாவது உயிர்த்தியாகம், என்றன. இக்கட்டுரையில் ‘தற்கொலைத் தாக்குதல்’ என்பது தாக்குதலின் முறையை மட்டுமே குறிக்கிறது.

இரு கோட்பாடுகளின் முரண்

அமெரிக்க அரசியல் அறிஞர் ராபர்ட் பேப் 2005இல் வெளியிட்ட நூலில், 1980 முதல் 2003 வரை நிகழ்ந்த 315 தாக்குதல்களைத் தொகுத்து ஆராய்ந்தார். அவற்றுள் 76 விடுதலைப் புலிகள் நடத்தியவை. வேறெந்த இயக்கமும் அத்தனை தாக்குதல்களை நடத்தியிருக்கவில்லை. சமயம் சாராத ஓர் இயக்கமே முதலிடத்தில் இருந்ததைச் சான்றாகக் காட்டி, சமயவெறி இதன் வேர் அன்று என்றார் பேப். தம் நிலத்தை அயற்படை ஆக்கிரமித்திருப்பதாக மக்கள் கருதுவதே வேர் என்பது அவர் முடிபு. 1987 ஜூலை 5 அன்று நெல்லியடிப் படைமுகாம் தாக்கப்பட்டதிலிருந்து தொடரும் ஈழத்து வரலாறு இவ்விளக்கத்துக்குப் பெரிதும் பொருந்துகிறது. அங்குத் தாக்கியவரும் அவரைச் சூழ்ந்திருந்த மக்களும் ஒரே சமூகத்தினர். ஆனால், தாக்குதல் நிகழ்ந்த இடங்களை மட்டும் தொகுத்து, ஆக்கிரமிப்பு இருந்தும் தாக்குதல் நிகழாத இடங்களை விட்டுவிட்டார் என்று ஆஷ்வொர்த் முதலிய ஆய்வாளர்கள் 2008இல் மறுத்தனர். நோயுற்றவரை மட்டும் பார்த்து நோயின் காரணத்தைக் கூறுவது போன்ற குறை இது.

இதே காலத்தில் கிளர்ச்சி முறியடிப்புக் கோட்பாடு மறுபிறவி எடுத்தது. அல்ஜீரியாவில் பணியாற்றிய பிரெஞ்சுப் படை அதிகாரி டேவிட் கலூலா 1964இல் எழுதிய நூலின் கருத்துகள், பெட்ரேயஸ், அமோஸ் ஆகிய தளபதிகளின் பொறுப்பில் 2006 டிசம்பரில் வெளிவந்த அமெரிக்கப் படைக் கையேட்டில் புத்துயிர் பெற்றன. போரின் களம் மக்களே. ஆகவே படையினர் பெரிய முகாம்களை விட்டு மக்கள் குடியிருப்புகளுக்குள் தங்க வேண்டும். பாதுகாப்பை உணர்ந்த மக்களே கிளர்ச்சியாளரைக் காட்டிக்கொடுப்பர் என்பது அதன் சாரம். பேப் கூறுவது சரியானால், தெருவில் அயற்படையினர் பெருகப் பெருகத் தாக்குதலும் பெருக வேண்டும். 2007இல் ஐந்து கூடுதல் படைப்பிரிவுகள் ஈராக்குக்கு அனுப்பப்பட்டபோது இம்முரண் வெறும் ஏட்டு விவாதமாக இல்லை.

தாக்கியவர் யார்?

2007 இலையுதிர்காலத்தில் சிரியா எல்லையை ஒட்டிய சிஞ்சார் பகுதியில் ஒரு பதிவேட்டுத் தொகுதி அமெரிக்கப் படையிடம் சிக்கியது. ஈராக்குக்குள் வந்த அயல்நாட்டுப் போராளிகளைப் பற்றி அல்-காயிதா சார்ந்த அமைப்பு வைத்திருந்த பதிவுகள் அவை. நாடு குறிக்கப்பட்ட 595 பேரில் 244 பேர் சவூதி அரேபியர். 112 பேர் லிபியர். எப்பணிக்கு வந்தோம் என்று குறிப்பிட்டவர்களுள் பாதிக்கு மேற்பட்டோர் தற்கொலைத் தாக்குதலையே எழுதியிருந்தனர். அவர்கள் குறிவைத்ததும் ஆக்கிரமித்த படையை மட்டுமன்று. 2003 ஆகஸ்ட் 19 அன்று பாக்தாதில் ஐ.நா. தலைமையகத்தில் செர்ஜியோ வியெரா டி மெலோ உள்ளிட்ட 22 பேர் கொல்லப்பட்டனர். பின்னர்ச் சந்தைகளும் ஷியா வழிபாட்டிடங்களும் காவற்பணிக்கு ஆள்சேர்க்கும் வரிசைகளும் இலக்காயின.

மொழி வழக்கும் தெருவும் அறியாத இருபது வயது இளைஞர் ஒருவர் தாமாகப் பாக்தாதின் சந்தையைக் கண்டடைந்துவிட முடியாது. எல்லையில் அழைத்துவர ஒருவர், தங்க ஒரு வீடு, வாகனத்தில் வெடிபொருளைப் பொருத்த ஒரு பட்டறை, இலக்கை வேவு பார்க்க ஒருவர், வழிகாட்ட ஒருவர் என ஐந்தாறு உள்ளூர்க் கைகளைக் கடந்தே அவர் இலக்கை அடைகிறார். இறப்பவர் இச்சங்கிலியின் கடைசிக் கண்ணி. அச்சுறுத்தலுக்கு அவர் அடங்கமாட்டார். வீட்டுக்காரரும் பட்டறைக்காரரும் அடங்கலாம், மனம் மாறவும் செய்யலாம்.

அன்பார் மாகாணத்தில் நிகழ்ந்தது இதுவே. தம் வணிக வழிகளைப் பறித்து, தம் தலைவர்களைக் கொன்ற அல்-காயிதாவுக்கு எதிராக 2006 செப்டம்பரில் ரமாதியின் சுன்னிக் குலத்தலைவர்கள் ஷேக் அப்துல் சத்தார் அபூ ரிஷாவின் தலைமையில் திரண்டனர். கூடுதல் படை வருவதற்கு முன்பே தொடங்கிய திருப்பம் இது. ஓராண்டு கழித்து அபூ ரிஷா குண்டுவெடிப்பில் கொல்லப்பட்ட பின்னும் அது நிற்கவில்லை. படைப்பெருக்கமோ குலங்களின் திருப்பமோ தனித்து வன்முறையைக் குறைத்திருக்க முடியாது, இரண்டும் ஒன்றையொன்று தாங்கின என்று பிடில், ஃபிரீட்மன், ஷாபிரோ ஆகியோர் 2012இல் காட்டினர். வீடுகளை அறிந்தவர் உள்ளூரார். அவர்களைக் காக்கும் வலிமை படையிடம் இருந்தது.

சுவரும் அதற்கப்பாலும்

பாக்தாதில் கான்கிரீட் தடுப்புச் சுவர்கள் எழுந்தன. 2007 ஏப்ரலில் அதமியா பகுதியைச் சுற்றிச் சுமார் 5 கிலோமீட்டர்ச் சுவர் தொடங்கப்பட்டபோது, தம்மைச் சிறைவைப்பதாகக் கூறிக் குடியிருப்போரே எதிர்த்தனர். சந்தைகளில் வாகனங்கள் தடுக்கப்பட்டதும் வெடிபொருள் உடலுக்கு இடம்மாறியது. ஆண் காவலர் பெண்களைச் சோதிக்க இயலாத வழக்கத்தைப் பயன்படுத்தி, 2008இல் தியாலா மாகாணத்தில் பெண்கள் அனுப்பப்பட்டனர். சோதனைக்கெனப் பெண்களையே பணியமர்த்த நேர்ந்தது. தலைநகரில் காவல் இறுகிய 2007 ஆகஸ்ட் 14 அன்று, வடக்கே சிஞ்சாரை அடுத்த இரண்டு யஸீதி ஊர்களில் வெடிவாகனங்கள் பல நூறு பேரைக் கொன்றன. தலைநகரின் வன்முறைக் கணக்கை மட்டும் வைத்து வெற்றியை அளப்போர் இந்நாளைக் கடந்துபோக முடியாது.

அரசின் பக்கம் திரும்பிய சுன்னிக் காவலர்கள், ‘ஈராக்கின் புதல்வர்கள்’ என்ற பெயரில், ஏறத்தாழ ஒரு லட்சம் பேராகப் பெருகினர். அவர்களுக்கு ஊதியம் தந்தது அமெரிக்கப் படை. 2008 அக்டோபர் முதல் அப்பொறுப்பு படிப்படியாக ஈராக் அரசுக்கு மாற்றப்பட்டது. ஐவரில் ஒருவருக்குப் பாதுகாப்புப் படைகளில் இடம் என்பது வாக்குறுதி. ஊதியம் காலந்தாழ்ந்தது, தலைவர்கள் சிலர் கைதாயினர், முன்பு தாம் விரட்டிய குழுவின் பழிவாங்கலுக்கு வேறு பலர் பலியாயினர். அக்குழுவின் வழிவந்த இயக்கம் 2014 ஜூனில் மொசூலைக் கைப்பற்றியபோது, அதன் முன்வரிசையில் வெடிபொருள் நிரப்பிய வாகனங்கள் மீண்டும் வந்தன.