காற்றே உயிர், காற்றே பகை!

கடலைக் கொல்லையில் விழுது இறங்கும் நேரம். இப்போது தண்ணீர் தவறினால் காய் பிடிக்காது. கிணற்றடியில் 5 குதிரைச் சக்தி டீசல் என்ஜின் சும்மா நிற்கிறது. ஃபில்டர் அடைத்துக் கொண்டதென்று காலையில்தான் கழற்றிப் புதிது மாட்டினார்கள். தொட்டி நிறைய டீசலும் ஊற்றியாயிற்று. தந்தை ஹாண்டில் போட்டுச் சுற்றிக் களைத்தார். இப்போது மகன் சுற்றுகிறான். என்ஜின் அசைந்து கொடுக்கவில்லை!

என்ன கோளாறு? என்ஜினில் ஒரு கோளாறும் இல்லை. எண்ணெய்க் குழாய்க்குள் காற்று புகுந்துவிட்டது. "ஏர் பிடித்துக் கொண்டது" என்று மெக்கானிக்குகள் சொல்வது இதைத்தான்.

அன்று துணை, இன்று பகை

வேடிக்கை என்னவென்றால், டீசல் என்ஜின் உயிர் வாழ்வதே காற்றினால்தான். பெட்ரோல் என்ஜினில் இருப்பதுபோல் பொறி தரும் பிளக் இதில் கிடையாது. சிலிண்டருக்குள் காற்று இறுக அமுக்கப்பட்டு, 500 டிகிரிக்கு மேல் சூடேறுகிறது. அந்தச் சூட்டில் டீசலைப் பீச்சியதும் அது தானே பற்றிக் கொள்கிறது.

ஜெர்மானியரான ருடால்ப் டீசல் 1897-ல் ஆக்ஸ்பர்க் நகரில் ஓட்டிக் காட்டிய என்ஜினில், எண்ணெயை உள்ளே தள்ளியதும் காற்றுதான். அதற்கென்று ஒரு கம்ப்ரஸர் வேண்டியிருந்தது. பிறகு பம்ப்பே எண்ணெயைப் பீச்சும் முறை வந்தது. 1927-ல் பாஷ் கம்பெனி அத்தகைய பம்ப்புகளை ஏராளமாகச் செய்யத் தொடங்கியது. கம்ப்ரஸர் போயிற்று, ஆனால் எண்ணெய்க் குழாயில் காற்று பகையாகிவிட்டது.

ஏனெனில் டீசல் எளிதில் அமுங்காது, காற்று அமுங்கும். சிறு என்ஜின்களில் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 200 கிலோ அழுத்தம் ஏறினால்தான் நாசில் திறக்கும். குழாயில் காற்று இருந்தாலோ, பம்ப்பின் தண்டு தள்ளும்போது அது பஞ்சுபோல் சுருங்கும். தண்டு திரும்பும்போது மறுபடி விரியும். அழுத்தம் ஏறுவதில்லை, நாசில் திறப்பதில்லை. ஆயிரம் சுற்று சுற்றினாலும் வீண்!

ஏர் எடுப்பது எப்படி?

தொட்டியிலிருந்து தொடங்கி, எண்ணெய் போகும் வழியிலேயே போக வேண்டும். முதலில் எல்லா இணைப்புகளையும் துணியால் துடைக்க வேண்டும். தூசி உள்ளே போனால் பம்ப்பும் நாசிலும் கெடும். பிறகு தொட்டியின் குழாயைத் திறந்து, ஃபில்டர் மேலுள்ள ஸ்க்ரூவைத் தளர்த்த வேண்டும். டீசல் நுரையும் குமிழியுமாக வரும். குமிழி நின்று சீராக வழியும்போதே ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். அடுத்து, பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவிலும் இதேபோல் செய்ய வேண்டும்.

கடைசியாக, நாசிலுக்குப் போகும் குழாயின் நட்டைத் தளர்த்தி, என்ஜின் தலையிலுள்ள லீவரைத் தூக்கிவிட்டு, ஹாண்டிலை மெதுவாகச் சுற்ற வேண்டும். குமிழியின்றி டீசல் வந்ததும் நட்டை இறுக்கிவிட்டு, மேலும் சில சுற்று. நாசிலிலிருந்து "கிர்... கிர்..." என்று ஓசை கேட்கும். காற்று வெளியேறிவிட்டது என்பதற்கு அதுவே அடையாளம்.

டிராக்டரில் டீசலை மேலேற்றக் கை லீவர் கொண்ட சிறு பம்ப் இருக்கும். அதை அடித்தபடி ஏர் எடுப்பார்கள். எடுத்த பிறகும் ஏர் பிடித்தால் எங்கோ ஓட்டை என்று பொருள். நசுங்கிய செம்பு வாஷரையும் ஃபில்டர் ரப்பரையும் முதலில் பார்க்க வேண்டும்.

ஊசிக் குத்தல்ல!

நாசிலிலிருந்து பீச்சும் டீசலுக்கு எதிரே கை நீட்டவே கூடாது. அது தோலைத் துளைத்து உள்ளே பாய்ந்துவிடும். வெளியே ஊசி குத்தியதுபோல்தான் தெரியும். வலியும் முதலில் அதிகமிராது. அலட்சியம் செய்தால் விரலையே இழக்க நேரும். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய், "டீசல் பாய்ந்துவிட்டது" என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். இக்காலத்துக் கார்களிலும் லாரிகளிலும் உள்ள 'காமன் ரெயில்' என்ஜினில் அழுத்தம் இதைப்போல் பத்து மடங்கு வரை ஏறும். அந்தக் குழாய்களை ஓடும்போது தளர்த்துவது உயிருக்கே ஆபத்து. பீடி, சிகரெட் பக்கத்திலேயே வரக்கூடாது.

இவ்வளவுக்கும் வேண்டியது ஒரு ஸ்பேனர், ஒரு துணி, கால் மணி நேரம், கொஞ்சம் பொறுமை. கிணற்றடியில் மகன் ஹாண்டிலைக் கீழே வைத்துவிட்டு ஸ்பேனரைத் தேடினால் போதும். பொழுது சாய்வதற்குள் கொல்லைக்குத் தண்ணீர் பாய்ந்துவிடும்.